பாறை விற்கவில்லை

மேல் பொத்தானைப் போட்டு முடித்ததும் அவளுடைய இரண்டு விரல்கள் தாமாகவே சட்டைப்பைக்குள் போய்த் துழாவின. ஒன்றுமில்லை. புதுச் சட்டை, மகள் காலையில்தான் பிரித்துக் கொடுத்திருந்தாள். செத்தவர் பையில் என்ன இருக்கும்? ஆனாலும் பதினாறு வருஷமாகப் பையில் கைவிட்டுப் பார்க்காமல் அவள் தன் கணவரின் எந்தச் சட்டையையும் தொட்டதில்லை.

"என்னம்மா தேடுற?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. நீ போய்ச் சீப்பு எடுத்துட்டு வா. பதினொரு மணிக்கு வண்டி வந்துடும்."

பட்டறையில் அவருக்குப் பெயர் பாறை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்பு பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்தபோது, சேமிப்பை மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்த பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் அடித்துப் பிடித்து விற்றுவிட்டு, கிடைத்தது போதும் என்று ஓடிவந்தார்கள். லேத் மெஷின் ஓட்டும் இவர் மட்டும் விற்கவில்லை. மூன்று வருஷத்தில் பணம் இரண்டு மடங்காகியது. அதன் பிறகு சந்தை லேசாகத் தும்மினாலும் சின்னவர்கள் அவருடைய மெஷினைச் சுற்றி வந்து நிற்பார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கம்முனு வேலையப் பாருங்கடா. தானா ஏறும்" என்பார். அவர்களும் போய் வேலையைப் பார்ப்பார்கள்.

பாறையும் விற்கத்தான் பார்த்தது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். முதல் ஆளாகவே ஃபாரத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாளைக்குப் போய்க் குடுத்துடு, பைல வச்சிருக்கேன்" என்று சொல்லிப் படுத்துவிட்டார். எந்தப் பை என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் சட்டையை அலசிப் பிழிந்தபோது பையிலிருந்து வெள்ளைக் கூழ் வந்தது. அந்த நாளில் அவருக்குக் கோபம் வந்தால் கையும் சேர்ந்து வரும். பயத்தில், "குடுத்தாச்சு" என்றாள். பாஸ்புக் அவளிடம்தான் இருந்தது. பணம் பேங்கிலேயே கிடக்கட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

ஃபண்டுக்காரர்கள் அனுப்பிய கடிதங்களை ஒவ்வொன்றாக ஒளித்து வைத்தாள். மூன்றாம் வருஷத்துக் கடிதம் அவர் கையில் சிக்கியது. கடிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"டீ போடு" என்றார்.

அவ்வளவுதான். மறுநாள் பட்டறையில், "நான் விக்கவேயில்ல" என்று சொல்லிப் பாறையாகிவிட்டார். அதற்குப் பிறகு அவள்மேல் கை ஓங்கவில்லை. பணம் காசு என்று பேச்சு வந்தால், "அவளக் கேட்டுக்கலாம்" என்பார். பதினாலு வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு கிடைத்த மரியாதை, அதுவும் ஒரு சட்டையைத் துவைத்ததற்கு.

போன மாதம் சந்தை மறுபடி சரிந்தது. பட்டறையில் வேலை வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியது. படுத்த படுக்கையாக இருந்தவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எல்லாத்தையும் வித்துடு. இந்தத் தடவ திரும்பாது. உனக்குக் கொஞ்சமாவது மிஞ்சணும்."

இப்போது ஃபாரம் கிடையாது. போனில் மூன்று இடத்தில் தொட்டால் போதும். அடுப்படியில் போய்ப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொடவில்லை. பயத்தால் அல்ல, துவைத்த சட்டைக்குக் கிடைத்த மரியாதையைத் தன் புத்திக்குக் கிடைத்ததாக அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். திரும்பி வந்து, "வித்தாச்சு" என்றாள். அவர் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார். அதற்குப் பிறகு இருந்ததில் பாதி கரைந்துவிட்டது. அதை நினைத்தால் அவர் போனதற்கு அழக்கூட அவளால் முடியவில்லை.

பட்டறை வெல்டர் உள்ளே வந்து அவர் கால்மாட்டில் நின்றான். அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டவரே அவர்தான். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, கேக்குற நேரமில்ல இது. தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லு."

"அண்ணன் கடைசியா ஃபண்டப் பத்தி ஏதாவது சொன்னாரா?" குரலைத் தாழ்த்தினான். "வெளிய நாங்க நாலு பேரும் அதத்தான் பேசிட்டிருக்கோம். எங்ககிட்ட இருக்கறதே அதுதான். ரெண்டு மாசத்துல பெரியவளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். பட்டறை இருக்குமான்னே தெரியல. வச்சிருக்கவா, மிஞ்சினத எடுத்துடவா?"

எதையாவது சொல்லிப் பூசி மெழுகியிருக்கலாம். அவர் முன்னால் மூன்றாம் தடவையாகப் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"வித்துடச் சொன்னார்."

"நீங்க வித்துட்டீங்களா?"

"இல்ல."

வெல்டரின் முகம் தெளிந்தது. "அதானே. உங்கள சோதிச்சிருப்பார் அண்ணி."

"சோதிக்கல. பயந்துட்டார். அந்தத் தடவையும் பயந்துதான் விக்கச் சொன்னார். ஃபாரம் சட்டப்பைல இருந்துச்சு, நான் பாக்காம தொவச்சுட்டேன். அதனாலதான் விக்கல. நீ எடுத்துடு. பொண்ணு ஃபீஸுக்காவது ஆகும்."

காய்ச்சலில் பிதற்றுகிறவரைப் பார்ப்பது போல அவன் அவளைப் பார்த்தான்.

"ரெண்டு நாளா நீங்க கண்ணே மூடல. உக்காருங்க அண்ணி. தண்ணி கொண்டுவரச் சொல்றேன்."

"நான் சொல்றது நிஜம்."

"சரி அண்ணி." அவர் பாதத்தின்மேல் விலகியிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தான். "அவர மாதிரி கலங்காத மனசு யாருக்கும் வராது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மகள் சீப்போடு வந்தாள். ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. பட்டறைச் சட்டையோடு மூன்று பேர் கையில் போனைப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். வெல்டர் அவர்களிடம் போய் ஏதோ சொல்லித் தலையை இடவலமாக ஆட்டினான். அவள் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள்.

"வகிடு எந்தப் பக்கம்மா?"

"இடது பக்கம்" என்றாள்.

மறுபடி பார்த்தபோது ஒருவன் போனை அணைத்திருந்தான். அடுத்தவனும் அணைத்தான். மூன்றாமவனின் கட்டைவிரல் திரைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு விலகியது. தெருவில் வண்டி வந்து நின்றது. நான்கு பேரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். தலைமாட்டில் யார் தூக்குவது, கால்மாட்டில் யார் என்று வெல்டர் தணிந்த குரலில் அவர்களுக்குப் பிரித்துச் சொன்னான்.