கை நின்ற பக்கம்

எங்கள் சலவைக்கூடத்துக்குள் ஒரு புத்தகம் நுழைவது லேசுப்பட்ட காரியமில்லை. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் தலையணை உறைகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். அவற்றுக்கெல்லாம் கதவு எந்நேரமும் திறந்துதான் இருக்கும். புத்தகத்துக்கு மட்டும் அத்தனை கெடுபிடி.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு துவைக்கும் இயந்திரங்களை நிறுத்திவிடுவோம். அப்புறம் மடிப்பும் இஸ்திரியும்தான். சத்தம் அடங்கிய அந்த நேரத்தில் ஒருத்தி கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வாசிப்பாள். மற்றவர்கள் மடித்துக்கொண்டே கேட்பார்கள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பிருந்தே உள்ள பழக்கம் இது. ஒன்று முடிந்தால் அடுத்தது எது என்பதில்தான் அடிதடி. அட்டையைப் பார்த்து எடுத்தோம். அட்டையில் இருந்த குதிரை கடைசிவரை கதைக்குள் வரவேயில்லை. பின்னட்டையில் எழுதியிருந்ததை நம்பி எடுத்தோம், மோசம் போனோம். எல்லாரும் படிக்கிறார்களாம் என்று ஒன்றை எடுத்தோம். பாதியிலேயே ஆளாளுக்குக் கொட்டாவி. சரி, முறை வைத்துக்கொள்வோம் என்றால், முறை வந்தவள் மகாராணி மாதிரி ஆட்டம் போட்டாள்.

கடைசியில் என் ஓரகத்தி ஒரு சட்டம் போட்டாள். கூடத்தில் எல்லாருக்கும் அவள் பெரியக்கா. மடிப்பு மேசைக்குத் தலைவி. புத்தகத்துக்குக் காக்கித் தாளில் உறை போட்டுக் கொண்டுவர வேண்டும். பேர் சொல்லக் கூடாது, கதை சொல்லக் கூடாது, “ஐயோ, பிரமாதம்!” என்று கண்ணை உருட்டக் கூடாது. நடுவிலிருந்து ஒரே ஒரு பக்கம் வாசிக்கலாம். கேட்கும்போது யாருடைய கையாவது தன்னை மறந்து நின்றுவிட்டால் புத்தகம் உள்ளே. நிற்காவிட்டால் வெளியே.

“வாய் பொய் சொல்லும், மூஞ்சி பொய் சொல்லும். பழகின கை சும்மா நிக்காது. நின்னா, அது நிஜம்” என்பாள் பெரியக்கா.

நியாயமான சட்டம்தான். ஆனால் நான் கொண்டுபோன ஒன்றுக்குக்கூட ஒரு சுண்டுவிரல் நின்றதில்லை. எதிர்மேசை வாயாடி ஒரு பக்கத்துக்கு ஒரு பிணம் விழுகிற கதையாகப் பார்த்துப் பொறுக்கி வருவாள், கூடமே சிலையாகிவிடும். எனக்கு வயிறு எரியும். என் வீட்டுக்காரரோ ஒரு படி மேலே. சன்னலோரம் நின்று டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளை இஸ்திரி போடுகிற அவருக்குக் கதை என்றாலே இளக்காரம். யார் வாசித்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். “நடக்காததை எழுதி வெச்சிருக்கான், நீங்க அதைக் கேட்டு மூக்கைச் சிந்துறீங்க” என்பார். அப்படி ஒரு கல் மனுஷன்.

இந்த லட்சணத்தில் என் தங்கை ஒரு நாவல் எழுதினாள். புனைபெயரில் வந்தது. எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார் என்று அவளுக்குப் பயம். புத்தகம் பதிப்பகத்தில் கட்டுப் பிரிக்காமலே கிடந்தது. அவள் இரண்டாவது நாவலில் பாதி எழுதியிருந்தாள். ஒருநாள் நான் போனபோது, அந்தத் தாள்களையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“நிறுத்திட்டேன்க்கா. இனிமே எழுதுறதா இல்ல.”

“ஏண்டி? நான் திரும்பத் திரும்பப் படிச்சேனே!”

“நீ அக்கா. நான் மளிகைச் சீட்டு எழுதினாக்கூட நீ படிச்சிட்டு அழுவ. என்னைத் தெரியாத ஒருத்தர், அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்கணும். ஒரே ஒருத்தர். அதுகூட நடக்கல.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “எங்க கூடத்துல வாசிக்கிறேன். கை நின்னா?”

“நிக்காது.”

“நின்னா?”

பரண்மேல் ஏற்றிய மூட்டையை நிமிர்ந்து பார்த்தாள். “நின்னா மூட்டையைக் கீழ இறக்குறேன். நிக்கலன்னா என்னை விட்டுடணும். அப்புறம் நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. தோற்றே பழகிய நான் அவள் எழுத்தையல்லவா பந்தயம் வைத்துவிட்டேன்!

எந்தப் பக்கத்தை வாசிப்பது என்பதிலும் சண்டை. அவள் ஒரு பக்கத்தில் அடையாளம் வைத்துக் கொடுத்தாள். ஆற்றங்கரையில் பனி விலகிப் பொழுது புலர்கிற இடம். அழகாகத்தான் இருந்தது.

“பக்கம் முழுக்க விடிஞ்சுகிட்டே இருக்கேடி. இது விடியறதுக்குள்ள நாங்க ஒரு வார்டு விரிப்பு முழுக்க மடிச்சுடுவோம்.”

“அதுதான்க்கா நான் எழுதினதுலேயே நல்ல பக்கம்.”

“நல்ல பக்கம் வேற, கை நிக்கிற பக்கம் வேற.”

அவள் விடவில்லை. நானும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு மத்தியானம், வீட்டுத் திரைச்சீலைகளைத் துவைக்கப் போடுகிற சாக்கில் அவளும் வந்து ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். நான் கூடைமேல் உட்கார்ந்து காக்கி உறை போட்ட புத்தகத்தை எடுத்தேன். “ஆரம்பிச்சுட்டாங்கய்யா!” என்றார் வீட்டுக்காரர், திரும்பிக்கூடப் பார்க்காமல். வாயாடி சிரித்தாள். இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, அடையாளம் வைத்த இடத்தைத் தாண்டிப் போய் வேறொரு பக்கத்தைப் பிரித்தேன். தங்கையின் முகம் சிவந்தது. முறைத்தாள். நான் பார்க்காத மாதிரி வாசிக்க ஆரம்பித்தேன்.

வீட்டை விட்டுப் போய்ப் பல வருஷமான ஒரு அப்பா தொலைபேசியில் கூப்பிடுகிறார். மகள் எடுக்கிறாள். அவர் “அம்மா இருக்காளா?” என்று மட்டும்தான் கேட்கிறார். குரல் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. “ராங் நம்பர்” என்று வைத்துவிடுகிறாள். சமையலறையிலிருந்து அம்மா, “யாரும்மா அது?” என்கிறாள். யாரோ என்கிறாள் மகள். மறுபடியும் மணி அடிக்கிறது. மகள் எழுந்திருப்பதற்குள் அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எடுத்துவிடுகிறாள். மறுமுனையில் பேசுவதை நின்றபடியே கேட்கிறாள். மகள் அம்மாவின் முகத்தையே பார்க்கிறாள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்து, வாயைத் திறக்கிறாள்.

அத்தோடு பக்கம் முடிந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

மடிப்பு மேசையில் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்சம் மெதுவாகத்தான், ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தன. விரிப்பின் முனைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன, பிரிந்தன, மறுபடி சேர்ந்தன. பெரியக்கா ஒவ்வொரு கையாகப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நிக்கலயேம்மா.”

“போன தடவைக்கு இது தேவல” என்றாள் வாயாடி. அவளை அப்படியே சலவை இயந்திரத்துக்குள் போட்டு மூடலாமா என்றிருந்தது. தங்கை எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை. “வரேன்க்கா” என்று வாசலைப் பார்த்து நடந்தாள். அவள் பக்கத்தையே வாசித்திருக்கலாமோ, என் அதிகப்பிரசங்கித்தனத்தால் அவளைக் கவிழ்த்துவிட்டேனோ என்று நினைக்கையில் கண் நிறைந்துவிட்டது.

“என்னடி, ஏதோ தீயுது?” என்றாள் பெரியக்கா.

எல்லாரும் சன்னல் பக்கம் திரும்பினோம். என் வீட்டுக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கை இஸ்திரிப் பெட்டிமேல். பெட்டி கோட்டின்மேல். அசைவே இல்லை. கோட்டுக்கடியிலிருந்து புகை சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது.

“என்னங்க! கோட்டு!” என்று கத்தினேன்.

அவர் பெட்டியைத் தூக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி, “அந்தம்மா ஃபோன்ல என்ன சொன்னாங்க?” என்றார்.

பெரியக்கா பாய்ந்துபோய்ப் பெட்டியைத் தூக்கினாள். நான் கூடையை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

“நின்னுடுச்சு! கை நின்னுடுச்சு!”

“அதெப்படி?” வாயாடி குறுக்கே விழுந்தாள். “மடிக்கிற கைதான் கணக்கு. இஸ்திரிக் கையெல்லாம் சேராது.”

“ஏன் சேராது? அது என்ன மரக் கையா? சட்டத்துல ‘யார் கையாவது’ன்னுதான் இருக்கு!”

“இதுக்கு முன்னாடி எப்பவாவது சேர்த்திருக்கோமா?”

“இதுக்கு முன்னாடி எப்பவாவது அது நின்னுருக்கா?”

பெரியக்கா கையை உயர்த்தி எங்கள் இரண்டு பேர் வாயையும் அடைத்தாள். கோட்டை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். முதுகு நடுவில், கருகிய பெட்டி வடிவம் அச்சு அசலாக விழுந்திருந்தது.

“மடிக்கிற கை நின்னா ஒண்ணும் கெட்டுப்போகாது, அப்புறமா மடிச்சுக்கலாம்” என்றாள். “இஸ்திரிக் கை நின்னா என்ன ஆகும்னு தம்பிக்குத் தெரியாதா? தூக்கத்துலகூட நிறுத்தாத கை அது. அதுவே நின்னுருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? புத்தகம் உள்ளே.”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. வாயாடியே கை தட்டினாள், நல்ல மனசுக்காரிதான். டாக்டருக்குச் சொல்ல வேண்டிய சமாதானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே வந்த புத்தகத்துக்கு உறையைக் கழற்றலாம் என்பதால் காக்கித் தாளைக் கிழித்துப் போட்டேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

“யாருடி எழுதினது? கேள்விப்படாத பேரா இருக்கு” என்றாள் பெரியக்கா.

நான் வாசலைப் பார்த்தேன். தங்கை போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தோளிலிருந்த பை எப்போது கீழே விழுந்தது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“நான்தான்” என்றாள்.

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. என் வீட்டுக்காரர் பெரியக்காவிடமிருந்து கருகிய கோட்டை வாங்கிப் பிடித்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தார். ஏதாவது கிண்டலாகச் சொன்னால் இஸ்திரிப் பெட்டியாலேயே போடுவது என்று நான் தயாராக நின்றேன்.

“மச்சினி” என்றார். குரல் கம்மியிருந்தது. “அம்மா என்ன சொன்னாங்கன்னு நீயாவது சொல்லித் தொலையேன்.”

“முதல்லேர்ந்து கேளுங்க மாமா. வரும்.”

“சரி, கேக்குறேன்.” வாழ்க்கையில் முதல்முறையாக இஸ்திரி மேசையை விட்டு வந்து எங்கள் மேசையோரம் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. “இது சீக்கிரம் முடிஞ்சிடுமா? அடுத்ததா ஏதாவது வெச்சிருக்கியா?”

தங்கை என்னைப் பார்த்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்காமலே சிரித்தாள்.

“எழுதிட்டிருக்கேன் மாமா” என்றாள்.