கிதாரின் முதுகில் வெட்டிய ஒயர்

கம்பிகளைத் தொட்டால் இரைச்சல் அடங்க வேண்டும். அடங்கவில்லை.

அவள் உள்ளங்கையை விரித்து ஆறு கம்பிகள் மேலும் வைத்து அழுத்திப் பார்த்தாள். ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வந்த 'ம்ம்ம்' என்ற ஓசை கொஞ்சமும் குறையவில்லை. கையை எடுத்து, கிதாரில் ஒயர் செருகும் துளையைச் சுற்றியிருந்த தகட்டின்மேல் சுண்டுவிரலை வைத்தாள். ஓசை சட்டென்று பாதியானது. தகடும் இரும்பு, கம்பியும் இரும்பு. ஒன்று சொன்ன பேச்சைக் கேட்கிறது, மற்றது காது கேளாததுபோல இருக்கிறது. ஏன்?

காது கேளாமை அவளுக்குப் புதிதல்ல. காதில் மாட்டும் கருவிகளைப் பழுதுபார்ப்பதுதான் இருபது வருடத் தொழில். அதனால் தெருவில் அவளுக்குக் 'காது டாக்டர்' என்று பெயர். பொட்டு அளவு மைக்கையும் முடி அளவு ஒயரையும் பூதக்கண்ணாடி வைத்துப் பற்றவைப்பாள். அவள் கையாண்ட மின்சாரமெல்லாம் பட்டாணி அளவு பேட்டரியில் வருவது. நாக்கில் வைத்தாலும் ஒன்றும் செய்யாது. இந்தக் கதையில் நடந்த தவறுக்கு அதுவும் ஒரு காரணம்.

கிதார் தம்பியுடையது. தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று பாட்டு ஆசை திரும்பி வந்து, விளம்பரம் ஒன்றைப் பார்த்து, பழைய எலக்ட்ரிக் கிதாரையும் அதோடு சேர்ந்த ஸ்பீக்கர் பெட்டியையும் ஒன்றாக வாங்கிவிட்டான். விற்றவர் நேரில் வரவில்லை. இரண்டையும் அடுக்குமாடிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சனிக்கிழமை மருத்துவமனை ஊழியர்களின் கூட்டத்தில் தம்பி மேடையில் நின்று, மைக்கில் வாயை வைத்து, இந்தக் கிதாரை வாசித்துக்கொண்டே பாடப் போகிறான். அதற்குள் இதை ஆளாக்கிக் கொடுப்பது அக்காவின் பொறுப்பு. அவன் உயிரும் இதே வேலையில்தான் கட்டுண்டிருந்தது என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

முதலில் இது யார் பெற்ற பிள்ளை என்று பார்த்தாள். தலைப்பகுதியில் பெயர் இருந்த இடத்தை யாரோ உப்புத்தாளால் தேய்த்து அழித்திருந்தார்கள். பெயர் போனால் என்ன, பொருள் தன்னைப் பற்றித் தானே சொல்லும். முன்பலகையின் திருகுகளைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தாள். பள்ளத்தின் ஓரத்தில் மரம் அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஒட்டுப்பலகை. விலை உயர்ந்த கிதார் என்றால் ஒரே மரத்தைக் குடைந்திருப்பார்கள். ஒலியைக் கூட்டும் குமிழ்களின் அடிப்பாகம் சட்டைப் பொத்தான் அளவு; நல்லவற்றில் அது இதைப்போல ஒன்றரை மடங்கு இருக்கும். கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப்பைப் புரட்டிப் பார்த்தாள். செம்புக் கம்பிச் சுருளுக்கு அடியில் ஒரே ஒரு பட்டைக் காந்தம் ஒட்டியிருந்தது. கம்பிக்கு ஒரு தனிக் காந்தம் வைக்கப் பணமில்லாதவர்கள் செய்யும் வேலை. கழுத்து மட்டும் நேராக, நல்ல மரத்தில், ஒரு கீறலில்லாமல் இருந்தது. ஆகமொத்தம், ஏதோ பெரிய தொழிற்சாலை மலிவாகச் செய்து தள்ளிய கிதார். ஆனால் எலும்பு சரியாக இருக்கிறது. எலும்பு சரியாக இருந்தால் மற்றதை மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றினாள். பெரிய குமிழ்கள், ஆறு தனிக் காந்தங்கள் கொண்ட பிக்கப்புகள், கம்பியை முறுக்கும் புதிய திருகாணிகள். உள்பள்ளம் முழுவதும் செம்புத் தாளை ஒட்டினாள். வெளியிலிருந்து வரும் இரைச்சலை அந்தத் தாள் பிடித்து எர்த்துக்குக் கொண்டுபோய்விடும்.

முதுகுப்பக்க மூடியைத் திறந்தபோதுதான் கம்பி ஏன் பேச்சைக் கேட்கவில்லை என்று புரிந்தது.

கிதாரைப் பிடித்திருக்கும் மனிதனே ஒரு ஆன்டெனா. சுவரில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலை உடம்பு வாங்கி, பக்கத்திலிருக்கும் பிக்கப்புக்குக் கொடுக்கும். இதைத் தடுக்கக் கிதாரின் முதுகில், கம்பிகளைத் தாங்கும் ஸ்பிரிங்குகளிலிருந்து ஒரு ஒயர் உள்ளே போகும். அது கம்பிகளை எர்த்தோடு சேர்க்கிறது. வாசிப்பவன் கம்பியைத் தொட்டதும் அவன் உடம்பும் எர்த்தாகிவிடும், இரைச்சல் அடங்கும். இந்தக் கிதாரில் அந்த ஒயர் துண்டாகியிருந்தது. அறுந்து தொங்கவில்லை. நேர்க்கோட்டில், கட்டிங் பிளேயரால் வெட்டியிருந்தார்கள். வெட்டிய முனையில், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் கறுப்பு ரப்பர் உறையை அழகாக மாட்டியிருந்தார்கள்.

"எந்தப் புண்ணியவான் பண்ண வேலையோ" என்று முணுமுணுத்துக்கொண்டே, உறை மாட்டிய துண்டை நறுக்கி மேசையோரம் போட்டுவிட்டு, புது ஒயரைப் பற்றவைத்தாள். கம்பியைத் தொட்டாள். இரைச்சல் பெட்டிப் பாம்பாக அடங்கியது. அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

தம்பியும் நண்பர்களும் ஒத்திகை பார்த்தது டெய்லர் கடையின் பின்னறையில். டெய்லர்தான் டிரம்ஸ். செவ்வாய்க்கிழமை தம்பி போன் செய்து, கிதார் சத்தம் தேன் மாதிரி இருக்கிறது, ஆனால் கடிக்கிறது என்றான். கம்பியில் கை வைத்தால் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறதாம்.

"நீ தின்னுட்டுக் கையக் கழுவாம வாசிச்சா எறும்பு வராம என்ன வரும்?" என்றாள் அவள்.

புதன்கிழமை கடிக்கவில்லை. வியாழக்கிழமை மறுபடி கடித்தது, முன்னைவிடக் கூடுதலாக. அதே கிதார், அதே பெட்டி, அதே அறை. ஒருநாள் கடிக்கிறது, ஒருநாள் இல்லை. அவளுக்குத் தூக்கம் போயிற்று. கிதாரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு இணைப்பாக மீட்டர் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சுத்தம். அதற்குள் ஒரு பேட்டரிகூடக் கிடையாது. காந்தமும் செம்பும் மரமும்தான். சொந்தமாக ஒரு துளி மின்சாரம் இல்லாத பொருள் எப்படிக் கடிக்கும்? உலர்ந்த காற்றில் போர்வை சுரீரென்பதுபோல ஏதோ என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை மேசையைக் கூட்டும்போது அந்த ஒயர்த்துண்டு துடைப்பத்தில் வந்தது. கறுப்பு உறை போட்ட அரை விரல் நீளத் துண்டு. குப்பையில் போடப் போனவள், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

தெரியாமல் அறுத்தவன் உறை மாட்டமாட்டான். அலட்சியக்காரன் அளவெடுத்து, சூடு காட்டி, முனையை மூடமாட்டான். இதைச் செய்தவன் வேலை தெரிந்தவன். அவனுக்கு இந்த ஒயரைப் பார்த்துப் பயம் இருந்திருக்கிறது.

விளம்பரத்தில் இருந்த எண்ணைத் தம்பியின் பழைய செய்தியிலிருந்து எடுத்துப் போன் செய்தாள். விற்றவர் மெல்லிய குரலில் பேசினார். கிதார் நன்றாக இருக்கிறதா என்று மரியாதையாக விசாரித்தார். எல்லாம் புதிதாக மாற்றிவிட்டதாக அவள் சொன்னாள். முதுகில் ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது, அதையும் சேர்த்தாயிற்று என்றாள்.



"அத நீங்க சேத்துட்டீங்களா?" என்றார் அவர்.

"ஆமா. ஏன் வெட்டினீங்க?"

"மைக்குல வாயை வெச்சேன்மா. கை கம்பில இருந்துச்சு. அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. இடது கையில நாலு விரலுக்கும் உணர்ச்சி போயிடுச்சு. டிவி மெக்கானிக் ஒருத்தர்தான், கிதார்ல கோளாறு, இந்த ஒயர வெட்டிட்டா சரியாயிடும்னு வெட்டிக் குடுத்தாரு. வெட்டியாச்சே, இனி யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். சொல்லியிருக்கணும்."

தம்பியை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. டெய்லரை அழைத்தாள். அவரும் எடுக்கவில்லை. சுவரில் கடிகாரம் பத்தேகால் காட்டியது. பத்தரைக்கு மேடையில் மைக் சரிபார்ப்பதாகத் தம்பி சொல்லியிருந்தான். ஒத்திகை அறையில் மைக் கிடையாது. சும்மா கத்திப் பாடியிருக்கிறார்கள். இன்றைக்குத்தான் முதன்முதலாக அவன் உதடு ஒரு மைக்கைத் தொடப் போகிறது.

அரங்கம் நாலு தெரு தள்ளி. செருப்பை மாட்டினாளோ இல்லையோ, அவளுக்கே நினைவில்லை. வழியில் யாரோ "என்ன டாக்டரம்மா, யாருக்குக் காது போச்சு?" என்று கேட்டது மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. ஓடும்போதே மனம் கணக்குப் போட்டது. கிதாருக்குச் சொந்த மின்சாரம் இல்லை. ஆகவே அது வெளியிலிருந்து வருகிறது. கிதாரோடு சேரும் ஒரே பொருள் பெட்டி. பெட்டியின் இரும்புச் சட்டத்தில் மின்சாரம் ஏறினால், ஒயர் வழியாகக் கிதாருக்கு வரும், அவள் பற்றவைத்த ஒயர் வழியாகக் கம்பிக்கு வரும், கம்பியிலிருந்து கைக்கு வரும். மைக் எர்த்தில் இருக்கிறது. கைக்கும் உதட்டுக்கும் நடுவில் இதயம் இருக்கிறது. வழியில் அடைபட்டிருந்த ஒரே கதவை அவளே திறந்து வைத்திருக்கிறாள்.

அரங்கத்தின் தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். மேடையின் விளிம்பு வரை ஈரம் பளபளத்தது; மேடைப் பலகை மட்டும் காய்ந்திருந்தது. தம்பி வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றான். கிதார் தோளில். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. டெய்லர் டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். தம்பியின் இடது கை கம்பிகளைச் சுற்றிப் பிடித்திருந்தது. வலது கை மைக்கின் தண்டை நோக்கி நீண்டது.

கத்தினால் திரும்புவான். திரும்பும்போது தடுமாறி மைக்கையே பிடிப்பான். அவள் கத்தவில்லை. மேடையோரமாக ஓடிய கறுப்பு ஒயரைக் கண்ணால் தொடர்ந்து, சுவர் வரை போய், பிளக்கைப் பிடுங்கினாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது. தம்பியின் விரல்கள் மைக்கின் மேல் பட்டன. ஒன்றும் ஆகவில்லை.

"யாரு அது கரண்டப் புடுங்கினது?" என்று திரும்பியவன் அக்காவைப் பார்த்தான். அவள் கையில் பிளக். இரண்டே முள். எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் செருகலாம்.

"கிதாரக் கழட்டிக் கீழ வை. வெச்சிட்டுத் தள்ளி நில்லு."

அக்கா அந்தக் குரலில் பேசி அவன் கேட்டதில்லை. வைத்தான்.

அரங்கத்துக்கு ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எதிர்ப்பேச்சுப் பேசாமல் மீட்டரை எடுத்தார். ஒரு முனையைக் கிதார் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் கவ்வவிட்டு, எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டுப் பிளக்கைச் செருகினார். மீட்டர் இருநூற்றுப் பதினெட்டு வோல்ட் காட்டியது. பிளக்கைப் பிடுங்கி, திருப்பிச் செருகினார். மூன்று வோல்ட்.

ஒருநாள் கடித்ததும் ஒருநாள் கடிக்காததும் இதனால்தான். டெய்லர் பிளக்கை எந்தப் பக்கமாகச் செருகினார் என்பதைப் பொறுத்தது. அவருக்கு அது நினைவிருக்க நியாயமில்லை.

"நல்லவேளை, கடை தரையில மரப்பலகை போட்டிருக்கேன்" என்றார் டெய்லர்.

தம்பி மேடையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். "இப்படி ரெண்டு பேர வண்டில ஏத்திட்டுப் போயிருக்கேன்" என்றான் மெதுவாக. "ஒருத்தர்தான் திரும்பி வந்தாரு."

எலக்ட்ரீஷியன் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். பழைய காலத்துப் பெட்டி. சுவரிலிருந்து வந்த ஒயரில் இரண்டே இழை. எர்த் இழை இல்லை. உள்ளே, அந்த இரண்டில் ஒரு இழைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் மிட்டாய் அளவில் ஒரு கெபாசிட்டர் இருந்தது. அந்தக் காலத்தில் இரைச்சலைக் குறைக்க அதை வைப்பார்களாம். வயதாகி, உள்ளே வெந்து, அது வெறும் கம்பித்துண்டுபோல ஆகிவிட்டிருந்தது. பிளக் ஒரு பக்கமாக இருந்தால் சுவரின் மின்சாரம் அந்த இழையில் வந்து நேராகச் சட்டத்தில் ஏறியது; திருப்பிச் செருகினால் மற்ற இழையில் போய்விட்டது.

"கிதார் ஒயர மறுபடி வெட்டிடவா?" என்று கேட்டாள் அவள். கையில் பிளேயர்கூட எடுத்துவிட்டாள்.

"கிதார் பாவம், அது என்ன பண்ணிச்சு?" என்றார் அவர். "வெட்டினாலும் ஒயர் செருகுற அந்தத் தகட்டுல கரண்டு இருக்கும். கை பட்டா அதே கதைதான். வியாதி பெட்டியில இருக்கு."

ஒரு மணி நேர வேலை. கெபாசிட்டரை நறுக்கி எடுத்துப் போட்டார். இரண்டு இழை ஒயரை முழுதாகக் கழற்றிவிட்டு, மூன்று இழை ஒயரை மாட்டினார். பச்சை எர்த் இழையைச் சட்டத்தில் பெயின்டைச் சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு, நட்டால் இறுக்கினார். மின்சாரம் வரும் இழையில் ஃபியூஸும் சுவிட்சும் வரும்படி வைத்தார். ஒரே பக்கமாக மட்டும் செருகக்கூடிய மூன்று முள் பிளக்கைப் போட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தாள்.

மீட்டரை மறுபடி கம்பிக்கும் மைக்குக்கும் நடுவில் வைத்தார்கள். பூஜ்யம். ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்தார்கள். பூஜ்யம். தம்பியை அவள் அப்போதும் விடவில்லை. தன் கையைக் கம்பியில் வைத்து, மைக்கை முதலில் தானே தொட்டாள். பிறகுதான் கிதாரை அவனிடம் கொடுத்தாள். கிதாரின் முதுகில் அவள் சேர்த்த ஒயர் சேர்த்தபடியே இருந்தது. வெட்ட வேண்டியது பெட்டிக்குள் இருந்த கெபாசிட்டர், சேர்க்க வேண்டியது எர்த் இழை. இரண்டையும் செய்த பிறகு கம்பி கடிக்கவில்லை, இரைச்சலும் இல்லை.