தடக்காத பதில்

நகுலேஸ்வரனுக்குப் பொய் மணக்கும். அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். மொன்றியலில் அகதி வழக்கு விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய்வரத் தொடங்கிப் பதினெட்டு வருடமாகிவிட்டது. எத்தனை சனத்தின் கதையைத் தமிழிலிருந்து தூக்கி ஆங்கிலத்தில் வைத்திருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. வேலை முடிந்து சென்ட் லோரன்ட் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, சோற்றுக்கு முன்னால் இருந்தாரென்றால் மனைவி ஜெகதீஸ்வரிக்குப் பாடம் தொடங்கிவிடும். யாருடைய பெயரையும் சொல்லமாட்டார், அது தொழில் தர்மம். மற்றதெல்லாம் சொல்வார்.

"இஞ்சேர், உண்மை சொல்லுறவன் தடக்குவான். திகதி மாறும், கிழமை மாறும், 'பொறுங்கோ, யோசிச்சுச் சொல்லுறன்' எண்டுவான். பொய்யன் தடக்கமாட்டான். பிளேன் நம்பரிலயிருந்து பக்கத்துச் சீற்றில இருந்தவன்ர சேட்டு நிறம் வரைக்கும் தண்ணி மாதிரிச் சொல்லுவான். தடக்காத பதிலைக் கேட்டால் எனக்கு உடன மூக்கில வேர்க்கும்."

"ஓமோ" என்று சொல்லி ஜெகதீஸ்வரி குழம்பை ஊற்றுவாள். அந்த "ஓமோ" மரியாதையில் வருகிறது என்றுதான் மனுஷன் நினைத்துக்கொண்டிருந்தார்.

2007 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. ஜெகதீஸ்வரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருக்கும் றோஸ்மேரி வீட்டுக்கு, பிளவுஸ் தைக்கப் பழகுவதற்கென்று போயிருந்தாள். றோஸ்மேரி மன்னார்க்காரி, புருஷனை இழந்தவள். இரண்டு பேருக்கும் ஒரே பிள்ளைகள் காப்பகத்தில் வேலை. நகுலேஸ்வரன் வீட்டில் தனியே காலை நீட்டிக்கொண்டு இருந்தார். டெலிபோன் அடித்தது.

ஆண் குரல். ஆங்கிலம்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கடித்துத் துப்புகிற ஆங்கிலம். மொஸ்கோவிலிருந்து பேசுகிறானாம். மடாம் ஜெகதீஸ்வரியின் பெயர் நீளமாம், அழைப்புக் கடிதத்தில் கொள்ளவில்லையாம், எங்கே வெட்டுவது என்று கேட்டான்.

"என்ன அழைப்பு?" என்று கேட்டார் நகுலேஸ்வரன்.

ரஷ்ய விசாவுக்கான அழைப்பு, என்றான் அவன். இரண்டு மடாம்கள். அதற்குப் பிறகு ரயிலில் சைபீரியா தாண்டி மொங்கோலியா எல்லை வரைக்கும்.

மொஸ்கோ என்றால் மற்றவர்களுக்கு என்னவோ, நகுலேஸ்வரனுக்கு அது ஏஜென்சிக்காரரின் ஊர். பணத்தை வாங்கிக்கொண்டு ஆட்களை எல்லை கடத்தும் ஏஜென்சி. ஓர் அறைக்குள் இருபது பேரை மாதக்கணக்காக அடைத்து வைத்தது, லொறிக்குள் தார்ப்பாயின் கீழே படுக்கவைத்து முடிவில்லாத புல்வெளிக்குள்ளால் கொண்டுபோனது என்று எத்தனை வாக்குமூலம் அவர் வாயால் வந்திருக்கிறது! நாட்டில் சண்டை மறுபடி மூண்டிருந்தது. றோஸ்மேரியின் தம்பி நிஷான் மன்னாரில் அகப்பட்டுக்கொண்டிருக்கிறான் என்று ஜெகதீஸ்வரிதான் ஒருமுறை சொல்லியிருந்தாள். அவ்வளவுதான், வழக்கு அவருக்கு விளங்கிவிட்டது. இந்த இரண்டு பெண்களும் சேர்ந்து அவனைக் கடத்திக் கொண்டுவரப் போகிறார்கள். பிடிபட்டால் தன் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. அவள் மறியலில் கம்பி எண்ணுவாள்.

"ரத்துச் செய்யுங்கள். மடாம் வரமாட்டார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் ஜெகதீஸ்வரி வந்தாள். போன் வந்ததைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. விசாரணையில் அதிகாரிகள் கையில் இருப்பதை முதலில் காட்டமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாதா?

"தையல் எப்பிடிப் போகுது?"

"பரவாயில்லை. மாம்பழ மஞ்சள் துணி. கழுத்து பிழைச்சுப்போய் ரெண்டு தரம் அவிட்டுத் தைச்சது. றோஸ்மேரி ஒடியல் கூழ் காய்ச்சினவ, உப்புக் கூடிப்போச்சு."

நகுலேஸ்வரன் பொறுத்திருந்தார். புதன்கிழமை, தொலைக்காட்சியில் காலநிலை சொல்லிக்கொண்டிருக்கும்போது, கேட்கிற மாதிரி இல்லாமல் கேட்டார். "அண்டைக்கு றோஸ்மேரி வீட்டில என்ன சாப்பாடு எண்டனி?"

"கூழ். உப்புக் கூடிப்போச்சு."

"துணி பச்சையெல்லே?"

"மாம்பழ மஞ்சள்."

அவருக்கு மூக்கில் வேர்த்தது. பிழைத்த கழுத்தையும் கூடிய உப்பையும்கூட ஒழுங்காகச் சொல்கிறாளே! பிழைகளையே பாடமாக்கி வைத்திருக்கிற ஓர் ஆளை அவர் விசாரணை மண்டபத்தில்கூடக் கண்டதில்லை. இவளுக்கு இதையெல்லாம் ஆர் சொல்லிக்கொடுத்தது என்று இரவெல்லாம் புரண்டு புரண்டு யோசித்தார். பாவம், அந்தப் பதில் மட்டும் அவருக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டைத் துருவத் தொடங்கினார். அரிசிமா போட்டுவைக்கும் ரின்னுக்குப் பின்னால் ஜெகதீஸ்வரியின் பாஸ்போர்ட் படங்கள் இருந்தன. கட்டிலுக்குக் கீழே கணுக்காலுக்கு மேல் வரும் தடித்த சப்பாத்து ஒரு சோடி. அதன் அடியில் மண் ஒட்டியிருந்தது. பிளவுஸ் தைக்க எதற்கு மலையேறும் சப்பாத்து? கேட்கவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்தார். கையும் மெய்யுமாகப் பிடிக்கவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

மே மாதத்து முதல் சனிக்கிழமை தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அவள் பின்னால் இறங்கினார். மெத்ரோவில் அவள் ஏறிய பெட்டிக்கு அடுத்த பெட்டி. மஞ்சள் பாதைக்கு மாறும்போது சனத்துக்குள் அவளைத் தவறவிட்டு, ஐயோ என்று ஓடி, ஒரு வெள்ளைக்காரக் கிழவியை இடித்து, "பார்தோன்" சொல்லி, ஒருமாதிரி வண்டிக்குள் பாய்ந்தார். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனைவியைக் களவாகப் பின்தொடர்வது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

றோஸ்மேரியின் வீட்டு மணியை அடிக்காமல் பக்கவாட்டால் பின்வளவுக்குப் போனார். பனி கரைந்து நிலம் சொதசொதவென்று கிடந்தது. வளவின் நடுவில் நீலக் கூடாரம் ஒன்று. உள்ளே பேச்சுக் குரல்.

"எல்லையில பொலிஸ்காரன் கேட்டால் என்னடியப்பா சொல்லுறது?" இது றோஸ்மேரி.

"கேட்டதுக்கு மட்டும் பதில். கூடச் சொன்னால் குழம்பிப்போவம்." இது ஜெகதீஸ்வரி.

இனி என்ன அத்தாட்சி வேண்டும்! நகுலேஸ்வரன் பாய்ந்து போய்க் கூடாரத்தின் ஜிப்பை இழுத்துத் திறந்தார். "ஆரைக் கடத்துறியள்?"

"யேசுவே!" என்று றோஸ்மேரி அலறினாள். சுருட்டி வைத்த பாய்கள் மாதிரி இரண்டு பெண்களும் கழுத்துவரை படுக்கைப் பைக்குள் கிடந்தார்கள். பைக்குள்ளிருந்து கைகளை எடுக்கவே அவர்களுக்கு நேரம் பிடித்தது.

"நிஷானைத்தானே கொண்டு வாறியள்? எனக்கு எல்லாம் தெரியும்!"

"நிஷானோ? அவன் போன மாசமே படகேறி ராமேஸ்வரம் போய்ச் சேந்திட்டான் அண்ணை" என்றாள் றோஸ்மேரி.

"அப்ப உந்த ரஷ்ய விசா ஆருக்கு?"

"எனக்கு" என்றாள் ஜெகதீஸ்வரி. எழுந்து உட்கார்ந்து தலைமயிரை ஒதுக்கினாள். "நான் போறன். றோஸ்மேரியும் நானும்."

"மொங்கோலியாவில உனக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஆரும் போவினமோ?"

"அதுக்குத்தான் போறன்."

அவர் நம்பவில்லை. நம்பும்படியாகவா இருக்கிறது? றோஸ்மேரிக்கோ பயம் தெளிந்து பெருமை வந்துவிட்டது. முதலில் மொங்கோலியா விசா எடுத்ததாம், அதைக் கண்டால்தான் ரஷ்யாக்காரர் தங்கள் நாட்டுக்குள்ளால் போகவிடுவார்களாம். ரயிலால் இறங்கி ஒரு ஜீப்பும் சாரதியும். கிணறு எங்கே இருக்கிறதென்று தெரிந்த சாரதியாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார்களாம். யூலையிலும் இரவில் அங்கே குளிர் எலும்பைக் கடிக்குமாம், அதுதான் கூடாரத்துக்குள் படுத்துப் பழகுகிறார்கள். "குறூப்போட போற சுற்றுலா இல்லை அண்ணை. எங்கட பாட்டில போறது. ரஷ்யாவில தங்குற ஊரிலயெல்லாம் பதியவேணும், அதையும் பாடமாக்கி வைச்சிருக்கிறம்."

"றோஸ்மேரி, தேத்தண்ணி வை" என்றாள் ஜெகதீஸ்வரி. றோஸ்மேரி போன பிறகு புருஷனைப் பார்த்தாள். "மொஸ்கோக்காரன் றோஸ்மேரிக்கு மெயில் போட்டவன். போன மாசம் ஒரு சனிக்கிழமை ஒரு ஆம்பிளை போனில ரத்துச் செய்யச் சொன்னாராம், உண்மையோ எண்டு கேட்டு. நான் இல்லையெண்டு எழுதுவிச்சன். விசாவும் வந்திட்டுது. ஆர் அந்த ஆம்பிளை?"

நகுலேஸ்வரனுக்கு நாக்கு தானாகப் புரண்டது. "எனக்கென்ன தெரியும்? அண்டைக்கு நான் வீட்டிலயே இல்லை. பத்து மணிபோல தமிழ்க் கடைக்குப் போனனான். வெண்டிக்காய் வாடிப்போய்க் கிடந்தது, அப்ப கத்தரிக்காய் வாங்கினனான். கடைக்காரர் சிவப்புச் சுவெற்றர் போட்டிருந்தவர். நகரசபைக் கந்தோர்ப் பக்கத்தாலதான் நடந்து வந்தனான்."

ஜெகதீஸ்வரி கடைசிவரை கேட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். "நல்லாச் சொன்னியள். ஒரு இடத்திலயும் தடக்கேல்லை."

அவர் முகம் செத்துப்போனது. சேற்றுக்குள் அப்படியே குந்திவிட்டார்.

"நான்... அவன் என்ன... பேர் நீளமெண்டான். நான் நினைச்சன், உன்னை மறியலில... பொறு, யோசிச்சுச் சொல்லுறன்... நான்தான். பயத்தில சொல்லிப்போட்டன்."

"இப்ப நம்புறன்" என்றாள் அவள்.

பிறகு ஜெகதீஸ்வரி கையிலிருந்த கையுறையைக் கழற்றியபடி, அவரைப் பார்க்காமலே சொன்னாள்.

"பல்லு டொக்டரிட்ட ஒரு கலண்டர் தொங்கினது. கண்ணுக்கு எட்டின மட்டும் புல்லு. ஒரு மரம் இல்லை, மதில் இல்லை, சனம் இல்லை. அதைப் பாத்த நாளிலயிருந்து எனக்கு வேற யோசினை இல்லை. நான் பால் வாங்கப் போய்வந்தாலும் எந்தக் கடை, ஏன் இவ்வளவு நேரம், ஆரைக் கண்டனி, அவர் என்ன சொன்னவர் எண்டு கேப்பியள். மகள் சிவாஜினி கலியாணம் கட்டி ரொறொன்ரோவுக்குப் போனது ஏனெண்டு நினைக்கிறியள்? அவளுக்கும் கேள்வி பொறுக்கேல்லை. விசாக் கந்தோரில கண்ணாடிக்கு அங்கால இருந்த பெடியன் என்னட்ட ஒரு கேள்விதான் கேட்டவன். ஒரு தரம் போறதோ, ரெண்டு தரமோ எண்டு. ஒரு தரமெண்டன். சீல் குத்தித் தந்தான். நான் வெளியில வந்து படியில இருந்து அழுதனான்."

வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் சொற்களையே சொல்லிப் பழகிய வாய், தன் சொல்லுக்கு வந்ததும் வற்றிப்போயிற்று.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதமும் மனுஷன் பட்ட பாடு! அவள் கதவைத் திறந்துகொண்டு வரும்போதெல்லாம் தொண்டை வரைக்கும் ஒரு கேள்வி வந்து நிற்கும். கஷ்டப்பட்டு அதை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடிப்பார். இரவுச் சாப்பாட்டில் வழக்குக் கதை நின்றுபோனது. அந்தத் தடித்த சப்பாத்துக்கு அவரே நூல் மாற்றிக் கொடுத்தார். அவள் மாறவில்லை. சிரித்தாள், சமைத்தாள், மகளோடு போனில் கதைத்தாள். போகும் நாள் கிட்டக் கிட்ட அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறியதை அவர் பார்த்தார். அந்த வெளிச்சத்தைத் தான் ஒருநாளும் ஏற்றியதில்லை என்பதும் அவருக்கு விளங்கியது. விளங்கியதால் வந்த வலி கொஞ்சநஞ்சமல்ல.

யூலையில் டோர்வால் விமான நிலையம். பொதியை அவரே தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தார். றோஸ்மேரி செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். பாதுகாப்புச் சோதனை வாசலில் ஜெகதீஸ்வரி நின்று திரும்பினாள்.

"என்ன, ஒண்டும் கேக்கேல்லையோ?" என்றாள். கேலியாகக்கூட இருக்கலாம்.

கேட்கக்கூடாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டுதான் வீட்டிலிருந்து புறப்பட்டிருந்தார். ஆனால் அவள் முதுகில் அந்தப் பையைக் கண்டதும் எல்லாம் உடைந்துபோயிற்று.

"ஒண்டே ஒண்டு. திரும்பி வருவாய்தானே?"

அவள் கண்ணைக்கூட வெட்டவில்லை.

"ஓம். ஓகஸ்ட் இருபத்தொண்டு, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு பத்துக்கு. பிராங்பேர்ட்டில மாறி வாற பிளேன், ஜன்னல் பக்கச் சீற். நீங்கள் உந்தக் கோப்பிக் கடையடியில நில்லுங்கோ. முருங்கைக்காய் வாங்கி வையுங்கோ, வந்து நான் சமைக்கிறன்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிக்கு அப்பால் தடித்த சப்பாத்தைக் கழற்றித் தட்டில் வைத்தாள், மறுபடி போட்டாள், கையைக் காட்டினாள், மறைந்தாள்.

நகுலேஸ்வரன் வெறும் வண்டியைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றார். திகதி, கிழமை, நேரம், சீற், முருங்கைக்காய் என்று அவள் சொன்னதை முதலிலிருந்து ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

ஒரு இடத்திலும் தடக்கவில்லை.