வாய்க்காலிலிருந்து எட்டு

"எட்டுன்னு சொன்னது நீ."

"சொன்னேன். எங்கேயிருந்து எண்ணணும்னு நானா சொன்னேன்? நீங்கதானே முன்னாடி நடந்தீங்க, நான்…"

"நீ பின்னாடியே வந்து ஒவ்வொரு விரலா மடக்கலையா?"

"மடக்கினேன். உங்களை நம்பி மடக்கினேன்."

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில், தரையில் விரித்த கோணி மேல், நேற்று வெட்டிய விதைக்கிழங்கு கிடந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளைக்கண் விட்டு வெட்டி, சாம்பல் தடவி வைத்திருந்தார்கள். விவசாய ஆபீஸ் கொடுத்த உருளைக்கிழங்கு. ஒரு தரம்தான் கொடுப்பார்கள். வெட்டியது ரெண்டு மூணு நாளைக்குமேல் தாங்காது.

பெரிய பண்ணையை அரசாங்கம் எடுத்து, இருபத்திரண்டு துண்டாக்கி, அங்கே வேலை செய்தவர்களுக்கே கொடுத்துவிட்டது. எட்டாம் எண் அவள் பெயரில். பண்ணையில் எப்போதும் வாய்க்கால் மதகிலிருந்துதான் வயலை எண்ணுவார்கள். அதே பழக்கத்தில் இவர்களும் எண்ணிப்போய், ஒரு மாசம் முள் பிடுங்கி, ஆபீஸ் டிராக்டர் வந்த அன்று உழவைத்து, கிழங்கு நட மண்ணை மேடாக்கிப் பாரும் பிடித்தாயிற்று. இன்று காலையில் சர்வேக்காரர் வந்து கல்லில் பெயிண்டால் எண் எழுதினார். இவர்கள் கல்லில் பதினைந்து.

"வரைபடத்துல ரோட்டுலேர்ந்து எண்ணியிருக்காங்களாம். தண்ணி எங்கேயிருந்து வருதுன்னுகூடவா தெரியாது அவங்களுக்கு?"

"ரோட்டுல வர்றவங்க ரோட்டுலேர்ந்துதான் எண்ணுவாங்க. ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?"

"திங்கக்கிழமை வாங்கன்னாங்க."

"கிழங்குகிட்டயும் சொல்லிட்டு வந்தீங்களா, திங்கக்கிழமை வரைக்கும் அழுகாம இருன்னு?"

வாசலில் யாரோ செருமினார்கள். பண்ணைக் கிடங்கில் கோணி தைத்தவள். பதினைந்தாம் எண் அவளுக்கு.

"அக்கா, சண்டையா? அப்புறமா வரட்டுமா?"

"உன்னாலதான் சண்டை. உள்ளே வா."

"நான் என்ன செஞ்சேன்? வயல் வேலை எனக்குத் தெரியாது. போன வாரம் ரோட்டுலேர்ந்து எண்ணிப் போய்ப் பார்த்தேன், உழுது பார் பிடிச்சிருந்தது. அரசாங்கமே செஞ்சு கொடுத்திருக்குன்னு நினைச்சேன். நல்லா இருக்கட்டும்னு வாழ்த்திட்டு வந்தேன்."

"அந்த வாழ்த்து எங்களுக்குச் சேரவேண்டியது" என்றான் அவன்.

கோணிக்காரி தரையிலிருந்த கிழங்கைப் பார்த்தாள். "மாத்திக்கலாமா?"

"பத்து வருஷத்துக்கு விக்கக் கூடாது, மாத்தக் கூடாதுன்னு பட்டாவுல போட்டிருக்கு. அதுவும் போக எட்டு இன்னும் முள்ளுக்காடு. அதை வச்சு நீ என்ன பண்ணுவே?"

"அப்போ என் நிலத்துலயே நடுங்க அக்கா. விளையறதுல பாதி எனக்கு, பாதி உங்களுக்கு."

"சரி" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் குறுக்கே வந்தாள்.

"பாதியா? பண்ணைக்கும் பாதிதான் கொடுத்தோம். மிச்சப் பாதி ஆறு மாசம் வரும். அப்புறம் ஆறு மாசம் ஒரு வேளைச் சோறு. இவர் சாப்பிட்டேன்னு பொய் சொல்லுவாரு, நானும் சாப்பிட்டேன்னு பொய் சொல்லுவேன். சட்டியைப் பார்த்தா ரெண்டு பேர் பொய்யும் தெரியும்."

"நான் பண்ணையா அக்கா? என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

அவள் கோணிக்காரியின் விரல்களைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்ச்சுப்போனவை.

"தெரியலை. அதான் உன்கிட்ட என்ன பேசறதுன்னே புரியலை."

"எங்க வீட்லயும் நாலு வாய் இருக்கு. நிலம் என்னுதுன்னு எழுதியிருக்கும்போது சும்மா விட்டுட்டா, கொடுத்தவங்களே என்னைப் பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களா?"

"பாடுபட்டதை விட்டா எங்களையும்தான் சொல்லுவாங்க." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "எட்டுல ஒரு மூலையாவது கொத்திடலாமா?"

"பதினஞ்சுல ஒரு மாசம் பிடுங்கினோமே, அதே முள்ளு அங்கேயும். ரெண்டு நாள்ல ஒரு கூடை கிழங்குக்கு இடம் வரும். மீதி?"

கோணிக்காரி குனிந்து, ஓரத்தில் உருண்ட ஒரு துண்டை எடுத்து, மற்றதோடு சேர்த்து வைத்தாள். அதை ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அவன் கிழங்கில் ஒரு கூடை அள்ளினான். தலையில் தூக்கி வைத்தபோது சாம்பல் தோளெல்லாம் கொட்டியது. வாசல்வரை போனவன் நின்றுவிட்டான். கழுத்தைத் திருப்ப முடியாமல் தெருவைப் பார்த்தபடியே கேட்டான்.

"எட்டுக்குப் போகட்டுமா, பதினஞ்சுக்குப் போகட்டுமா, இல்லே அடுப்புக்கே போகட்டுமா?"