அடிச்சுக்க ஆளே இல்லை

கட்டில், மெத்தை விற்கும் அந்தக் கம்பெனியில் வாடிக்கையாளர் போடும் நட்சத்திரங்களை மட்டும்தான் எண்ணுவார்கள். அதற்குக் கீழே உள்ள கட்டத்தில் மனுஷர்கள் மனம் விட்டு எழுதுவதை ஒருத்தரும் படிப்பதில்லை. யாருக்கு அவ்வளவு பொறுமை?

அதற்காகத்தான் தங்கச்சி ஒரு ப்ரோகிராம் எழுதினாள். ஸ்டேஷன் கிளையின் மேனேஜர் அவளுடைய கூடப்பிறந்த அக்கா என்பதால் தலைமை அலுவலகத்தில் எல்லாருக்குமே அவள் தங்கச்சிதான். ப்ரோகிராமுக்கு அவள் வைத்த பேர் பொடியன். எந்தச் சொல் வந்தால் பாராட்டு, எது வந்தால் புகார் என்று அவளே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். பொடியனும் கருத்துகளை எல்லாம் மென்று விழுங்கி, பச்சை, சிவப்பு என்று துப்பினான்.

முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இந்தப் பொடியனை அடிச்சுக்க ஆளே இல்லம்மா!" என்றார். காப்பி நன்றாக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்.

ஆனால் திரையில் ஸ்டேஷன் கிளை ரத்தச் சிவப்பாக இருந்தது. பாலத்தடிக் கிளையோ பச்சைப் பசேல். அங்கே மேனேஜர் ஒரு சிரிப்பு மன்னன். மெத்தை கிழிந்து வந்தாலும் சிரிப்பார், மாற்றித் தர ஆள் அனுப்பமாட்டார்.

"நாளைக்கு மீட்டிங்ல உங்க அக்காவை இறக்கிட்டு, ரெண்டு கிளையையும் சிரிப்பு மன்னன்கிட்ட குடுத்துடறேன்" என்றார் முதலாளி. தங்கச்சி லேப்டாப்பை மூடினாள். அக்காவின் வேலைக்குத் தன் கையாலேயே உலை வைத்துவிட்டாளே!

வீட்டுக்கு வந்தவள் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அக்காவின் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். நினைப்பு எங்கேயோ இருக்க, முதுகில் முக்கோணமாகக் கருகிவிட்டது.

அக்கா சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தாள். "அம்மா தாயே, உன் இஸ்திரிக்கு ஒரு பெரிய கும்பிடு! இனிமே என் துணியைத் தொடாதே."

தங்கச்சிக்குச் சுரீர் என்றது. கும்பிடு! அதை அவள் 'மரியாதை' என்றல்லவா பொடியனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்? லேப்டாப்பைத் திறந்தாள். பாலத்தடிக் கிளையின் பச்சைக்குள் போய்ப் பார்த்தால், 'உங்க கடைக்கு ஒரு பெரிய கும்பிடு', 'ஆளை விடுங்க சாமி, கும்பிடு' என்று வரிசையாகத் திட்டு. அக்காவின் சிவப்பைத் திறந்தால் இன்னும் கூத்து, அத்தனையும் பாராட்டு. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தன்மேல் கோபமும் வந்தது.

மறுநாள் மீட்டிங்கில் எழுந்து நின்றாள். "சார், பொடியன் தப்பாப் படிச்சிருக்கான்."

முதலாளி புருவத்தைத் தூக்கினார். "அக்கா மாட்டினதும் தப்பாயிடுச்சா?"

அவள் பயந்தது இதற்குத்தான். எதிரே அக்கா ஒன்றும் விளங்காமல் முழித்தாள். அச்செடுத்துக் கொண்டுவந்த கருத்துகளைத் தங்கச்சி அப்படியே கவிழ்த்து வைத்தாள். யார் எழுதியதைக் காட்டினாலும் பொறுக்கி எடுத்தது என்பார்.

"நான் ஒண்ணும் சொல்லலை சார். நீங்களே பொடியனை ஒரு வார்த்தை பாராட்டுங்க. நான் டைப் பண்றேன்."

"அதுக்கென்ன? இவனை அடிச்சுக்க ஆளே இல்லை!"

திரை சிவந்தது. 'கடைக்குள் அடிதடி. ஆள் பற்றாக்குறை. உடனடி நடவடிக்கை தேவை.'

கணக்காளர் கர்சீப்பை வாயில் திணித்துக்கொண்டார். முதலாளி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "அட மடையா! போதும்டா சாமி, உனக்கு ஒரு பெரிய கும்பிடு!"

தங்கச்சி அதையும் தட்டினாள். திரை பச்சையானது. 'மரியாதை: மிக உயர்வு. இதே சேவையைத் தொடரவும்.'

முதலாளி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கவிழ்த்து வைத்ததை அவரே எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு குறைந்தது. பாலத்தடி மேனேஜர் முகத்தில் இருந்ததும் போய்விட்டது.

"ஸ்டேஷன் கிளை அப்படியே இருக்கட்டும்" என்றார் முதலாளி. "நீங்க இங்கேயே இருங்க மன்னா, கொஞ்சம் பேசணும்."

சாயங்காலம் வீட்டில் அக்கா தங்கச்சியை ஏற இறங்கப் பார்த்தாள். தன்னைச் சிவப்பாக்கியதும் இவள்தான், மீட்டதும் இவள்தான். திட்டுவதா, பாராட்டுவதா? கடைசியில் பீரோவைத் திறந்து, தன்னிடம் இருப்பதிலேயே நல்ல சட்டையை எடுத்துத் தங்கச்சியின் மடியில் போட்டாள்.

"இந்தா, இதைத் தேய்ச்சு வை."