துடைக்காத கண்ணாடி

1931, தை மாதம். மூலக்கூறு வளைந்திருந்தால் அது திரவப் படிகம் ஆகவே ஆகாது என்று எங்கள் பாலக்காட்டுக் கல்லூரியின் வேதியியல் தலைவர் நஞ்சப்பன் சொல்லிவிட்டார். குச்சி மாதிரி நேராக இருந்தால்தான் திரவமாய் உருகி ஓடும்போதும் படிகத்தின் வரிசை கலையாதாம். வாழைச்சீப்பை இந்த மனுஷர் பார்த்ததே இல்லையா? ஒன்றின் வளைவில் இன்னொன்று என்ன பாந்தமாக உட்கார்ந்திருக்கிறது!

நடுவில் வளைவு வரும்படி நானே வரைந்து, நானே காய்ச்சி எடுத்த பொருள் என்னுடையது. எத்தனையோ தடவை உருக்கிப் பார்த்தாயிற்று. வரிசையுள்ள பொருளை மட்டும் வண்ணமாகக் காட்டும் நுண்ணோக்கி எங்களுடையது; பொடி உருகியதும் அதில் எல்லாம் இருண்டுவிடும். இருண்டால் வெறும் திரவம். திரவப் படிகமென்றால் உருகியும் வண்ணம் தெரிய வேண்டும். இந்த வாரமும் தெரியாவிட்டால் நுண்ணோக்கி தாவரவியல்காரர்களுக்கு, எனக்கு இனித் தேங்காயெண்ணெய்ச் சோதனை வேலைதான் என்று முடிவாகியிருந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம். பொடி உருகியதும் கண்ணாடித் தகட்டைச் சூட்டோடு துடைத்துவிட வேண்டும். ஆறினால் ஒட்டிக்கொள்ளும், சீமையிலிருந்து வரும் தகடு வீணாகும். அதற்காகவே நஞ்சப்பன் கையில் துணியோடு நிற்பார்.

கடைசிச் சிட்டிகையை வைத்தேன். உருகியது, இருண்டது. அவர் துணியை நீட்டினார். அந்த நேரம் பார்த்து வாளையார்க் கணவாய்க் காற்று சன்னலை அடித்துத் திறந்து, தகட்டைச் சூடாக்கிய ஸ்பிரிட் விளக்கை அணைத்தது. இருவரும் சன்னலைச் சாத்த ஓடினோம். அந்தச் சனியன் பிடித்த தாழ்ப்பாள் லேசில் விழுகிறதா?

திரும்பி வந்து குனிந்தால், நுண்ணோக்கியின் இருட்டில் பச்சையும் செம்மஞ்சளுமாக வண்ணம் விசிறி விசிறியாய் விரிந்திருந்தது. ஆறிக் கெட்டியாகிவிட்டதோ என்று பயந்துகொண்டே தகட்டின் மேல் மூடியிருந்த மெல்லிய கண்ணாடியை ஊசியால் அழுத்தினேன். வண்ணம் வழிந்து ஓடியது. திரவம்தான். சூடேறும்போது எட்டிப் பார்க்காத நிலை, ஆறும்போது வந்து நின்றிருக்கிறது. அதைத்தான் ஒவ்வொரு தடவையும் துணியால் துடைத்துப் போட்டிருக்கிறோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏனுங்க சார், வந்து பாருங்க," என்றேன்.

வெகுநேரம் பார்த்தார். பழக்க தோஷத்தில் கை தகட்டை நோக்கித் துணியோடு போனது. நான் முறைத்த முறைப்பில் துணியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். மறுபடி குனிந்தார்.

"அம்மிணி, இதை இன்னுங் கொஞ்சம் வளைச்சா என்னாகும்?"

இரண்டு வருடமாக அவர் வாயிலிருந்து வராதா என்று நான் ஏங்கிய கேள்வி. தாளை எடுத்து வரைய உட்கார்ந்தேன்.