சகலையின் பச்சை ஓடுகள்

என் சகலையை மாமனாரின் ஓட்டுப் பட்டறையில் எல்லோரும் பன் என்றுதான் கூப்பிடுவார்கள். என் மனைவியின் தங்கையைக் கட்டுவதற்கு முன் பேக்கரியில் மாவு பிசைந்தவன். அந்தக் கையை அப்படியே களிமண்ணில் வைத்தான். அச்சில் மண்ணை அடைத்து, மேலே கம்பியால் வழித்துத் தட்டினால், தரை ஓடு நான்கு மூலையும் கூராக விழும். நான் வருஷக்கணக்காகத் தட்டுகிறேன். என் ஓட்டில் ஏதாவது ஒரு மூலை கோபித்துக்கொண்டு நிற்கும். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது.

மாமனாருக்கு மூட்டுவலி. "இந்தச் சூளை வேகட்டும். யார் ஓடு சேதாரமில்லாம வருதோ, இனிமே சூளை அவங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். மூத்த மாப்பிள்ளை நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இதில் போட்டி எதற்கு? சூளையில் இடப்பக்கம் அவனுக்கு, வலப்பக்கம் எனக்கு.

ஓட்டை நிழலில்தான் காயப்போட வேண்டும். வெளியே வெளுத்துக் காய்ந்ததுபோல் நடிக்கும், உள்ளே ஈரம் இருக்கும். எங்கள் பட்டறையில் அதற்கு ஒரே சோதனை: பச்சை ஓட்டை, அதாவது இன்னும் சுடாத ஓட்டை, கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. சில்லென்றிருந்தால் ஈரம். ஈர ஓடு சூளையில் வெடித்து, பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும்.

அடுக்குகிற அன்று காலையிலேயே போய், பன் ஓடு காயப்போட்டிருந்த பலகைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஒன்று விடாமல் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கட்டின பெண்டாட்டியோடுகூட அவ்வளவு நேரம் கன்னத்தோடு கன்னம் வைத்ததில்லை. கடைசியில் சில ஓடுகள் சிக்கின. பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"மாமா, இதைத் தொட்டுப் பாருங்க! உங்க சின்ன மாப்பிள்ளை சூளையவே வெடிக்க வைக்கப் பாக்கறார்!"

பன் முகம் தொங்கிப்போய் அவற்றை ஒதுக்கி வைத்தான். எனக்குக் குளுகுளுவென்றிருந்தது. அதற்குள் அடுக்க நேரமாகிவிட்டது. என் ஓடுகளை ஒரு பார்வை பார்த்தேன். வெளுத்திருந்தன. அடுக்கிவிட்டேன்.

சூளை மூட்டிக் கொஞ்ச நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. எல்லாம் வலப்பக்கத்திலிருந்து வந்தன.

ஆறிய பிறகு திறந்தோம். என் பக்கம் பாதிக்கு மேல் சில்லு. பன் பக்கம் ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

"பெரிய மாப்பிள்ளை, அவர் ஓட்டை நீங்க பாத்தீங்க. உங்க ஓட்டை யாரு பாத்தா?" என்றார் மாமனார். சூளை பன்னுக்குப் போனது.

அந்தப் பயல் அதோடு விட்டானா? என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான்.

"அண்ணே, நீங்க மட்டும் பாத்துச் சொல்லலன்னா என் ஓடெல்லாம் போயிருக்கும். இனிமே ஒவ்வொரு சூளைக்கும் என் ஓட்டை நீங்கதான் பாக்கணும்."

கிண்டலடிக்கிறானா என்று அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். இல்லை, மனதாரத்தான் சொன்னான். கிண்டலாக இருந்திருந்தால் அன்றைக்கு நான் சோறாவது தின்றிருப்பேன்.